கேஸில் ஜெயித்த மாமாவின் நெல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் யாரும் நெல் காயப்போடக் கூடாது என்று கேஸ் போட்டவர் கலியமூர்த்தி மாமா. இன்று கோர்ட்டு உத்தரவு வந்தது. மாமா ஜெயித்துவிட்டார்!

சத்துணவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த நானும் கை தட்டினேன்.

உத்தரவைப் படித்த பெரிய டீச்சர், "ஐயா, இப்ப அங்க கிடக்கிறது உங்க நெல்லு மட்டுந்தான். இன்னைக்கே அள்ளிடுங்க" என்றார்.

கேஸுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கியதும், இடம் காலியாக இருக்கிறதே என்று பரப்பியிருந்தார் மாமா.

"நான் மத்தவங்க மேலதானே டீச்சர் கேஸ் போட்டேன்?"

"உங்க கேஸு, உங்களுக்கு இல்லாமலா மாமா?" என்றேன்.

மேகம் கறுத்துவிட்டது. நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மாமா ஒற்றை ஆளாக அள்ளுகிறார்.

கேஸ் போட்டதற்காக அவரைத் திட்டியவர்கள் எல்லாரும் சாக்கோடு வாருங்கள். அள்ளிக்கொண்டே கேலி செய்யலாம். யார் யார் வருகிறீர்கள்?