நிக்கலும் நல்லெண்ணெயும்

"...ஆரோ இதுக்கு நஞ்சு வைச்சிட்டினம் தம்பி. இல்லாட்டி இப்பிடிச் சாகாது," என்றார் ரசாயன மாஸ்டர், அடுப்பிலிருந்த குடுவையைப் பார்த்தபடி.

சந்தைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாருங்க செத்தது?"

"நிக்கல்," என்றேன். அவளுக்கு அது ஆளா மாடா என்று விளங்கவில்லை.

பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் நான் உதவியாளனாக இருந்த காலம் அது. எனக்கு ரசாயனம் பாடமாக வந்ததில்லை. போத்தல் கழுவிக் கழுவிக் காதில் விழுந்ததுதான். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவிக்குக் கொழும்பில் படிப்பிக்கும் வேலை. கல்யாணமான நாளிலிருந்து விடுமுறைக்கு விடுமுறைதான் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள்.

கொழும்பில் எண்ணெய் ஆலை வைத்திருந்த ஒருவர் மாஸ்டருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூள் போட்டு, ஐதரசன் வாயுவை உள்ளே விட்டால் எண்ணெய் நெய்போல உறையும். அதைச் செய்து காட்டவேண்டும். அதே நிக்கல் திரும்பத் திரும்ப வேலை செய்யவும் வேண்டும். அன்று மத்தியானக் கோச்சியில், அதுதான் கொழும்பு ரயிலில், அந்த மனிதர் வருவதாக ஏற்பாடு.

நிக்கலைப் பற்றி மாஸ்டர் பேசினால் வீட்டோடு வந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "எங்க நிப்பாட்டுறதெண்டு தெரியாத முரடன் தம்பி," என்பார். உண்மைதான், முதல் தடவை எண்ணெய் மெழுகுவர்த்தி மாதிரி இறுகிவிட்டது. கொஞ்சம் செம்பு சேர்த்து அந்த முரட்டுத்தனத்தைத் தணித்தார். பதமாக உறைந்தது. "இப்ப கெட்டிக்காரன், ஆனா நாளைக்குப் படுத்திடுவான்," என்றார். அப்படியே படுத்தும்விட்டது. பிறகு அதை நுண்ணிய வெண்மண் தூளில் படியவைத்தார். அப்புறம் வடித்து எடுத்துப் போட்டாலும் சளைக்காமல் உழைத்தது. கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கரண்டித் தூள்தான்.

சோதனைக்கு வாங்கியிருந்த கடை எண்ணெய் தீர்ந்துபோனதால், "மாஸ்டருக்கு நல்ல நல்லெண்ணெயா வேணுமாம்," என்று முந்தின நாள் வீட்டில் சொல்லியிருந்தேன். எதற்கென்று சொல்லவில்லை. காலையில் சந்தைக்குப் போகும்போது அவளே போத்தலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அப்போது பின்பக்கம் குழாயடியில் இருந்தேன்.

நேரமாகியும் குடுவை எண்ணெய் தண்ணீராகவே கிடந்தது. கிட்டே போனபோதுதான் எனக்கு மணந்தது. மாஸ்டருக்கு மூக்கடைப்பு, பதுளைக் குளிர் அவரை விட்டதே இல்லை.

"என்னாத்த போட்ட இதுல?" என்று வாசலில் நின்ற மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பூண்டும் மொளகும்தான். வேற எதுக்கு நல்லெண்ண கேப்பாங்க? பாவம், எந்த நேரமும் தும்மிக்கிட்டே இருக்காரு. தலைக்கு வச்சி முழுகட்டும்னு காச்சி முறிச்சேன்."

பூண்டில் இருப்பது கந்தகம். கந்தகம் பட்ட நிக்கல் பிறகு எழும்பாது என்று மாஸ்டரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவருக்கும் விளங்கிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கோச்சி இந்நேரம் பண்டாரவளையைத் தாண்டியிருக்கும்.

என் மனைவியின் முகம் மாறத் தொடங்கியது. "ஏங்க மாஸ்டரு, நான் ஏதும் கெடுத்துப்புட்டேனுங்களா?"

"சீச்சீ, உம்மில ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி. இவன் ஏற்கெனவே களைச்சுப்போனவன்," என்றார்.

"அப்ப எண்ண நல்லா இருந்திச்சுங்களா?"

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போத்தலில் மிச்சமிருந்த எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி, அவள் பார்க்க உச்சியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.