ஞானேஸ்வரியின் இடதுபக்கப் பல்

எட்டு மாதம்! பல்வலியோடு ஒரு மனிசி எட்டு மாதம் இருப்பாளா? புதுக்குடியிருப்புச் சந்தைக்கு வெளியே கச்சான் கடலை வறுத்து விற்கிற ஞானேஸ்வரி இருந்தாள். அது பல்வலி என்றே அவளுக்குத் தெரியாது.

ஈழப்போரின் கடைசிச் சண்டையில் அவள் முகத்தில் செல் குண்டின் துண்டுகள் பட்டன. ஒன்று வலதுபக்கக் கடைவாய்ப் பற்களை அள்ளிக்கொண்டு போனது. இன்னொன்று இடது தாடைக்குள் போய்த் தங்கிவிட்டது. எடுக்கப்போனால் முகம் இழுத்துவிடும் என்று டொக்டர்மார் அதை அப்படியே விட்டார்கள். "நோகும், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார்கள். பொறுத்தாள். மாரி தொடங்கினால் நோகும், பனி விழுந்தால் நோகும். "என்ரை இரும்பு முழிச்சிட்டுது" என்று சிரிப்பாள்.

அதனால் போன மாரியில் தாடை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியபோதும் இரும்பைத்தான் திட்டினாள். பக்கத்துத் தேத்தண்ணிக்கடை சிவதர்சினிக்கு முழங்காலுக்குள் அப்படி ஒரு துண்டு.

"அக்கா, எனக்கும் இண்டைக்கு இழுக்குது. மழைதான்."

"உன்ரை காலும் என்ரை வாயும் ரேடியோவிலை வேலை செய்யலாமடி. வானிலை அறிக்கை வாசிக்க."

மழை விட்டது. வலி விடவில்லை. சித்திரை வெயிலிலும் நோவுக்குப் பனடோலைப் போட்டுக்கொண்டு கச்சான் கிண்டினாள். ஒருநாள் கண்ணை மூடுமளவுக்குக் கன்னம் வீங்கிய பிறகுதான் சிவதர்சினி அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

தேனுகா என்ற இளம் பல் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்தா, இந்த வெள்ளைப் பொட்டுத்தான் உங்கடை துண்டு. அது சும்மா தன்ரை பாட்டிலை கிடக்கு, அம்மா. நோகிறது இந்தக் கடைவாய்ப் பல்லு. வேருக்குக் கீழை சீழ் கட்டியிருக்கு."

"அப்ப... இவ்வளவு நாளும் பல்லோ?"

"ஓம். முன்னமே வந்திருக்கலாமே?"

ஞானேஸ்வரி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"பிள்ளை, புடுங்கிப்போடாதேங்கோ. சோறு சப்ப எனக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு. அதிலையும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கிறது இது ஒண்டுதான்."

தேனுகா முயன்றாள். உண்மையாகவே முயன்றாள். பல்லில் துளையிட்டுச் சீழை வடியவிட்டு, மயிர் போன்ற ஊசிகளால் வேருக்குள் அழுகிக் கிடந்த நரம்பைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாள். அன்று திரும்பும்போது பஸ்ஸிலேயே ஞானேஸ்வரி வாயைத் திறந்தபடி நித்திரையானாள். எத்தனை நாள் நித்திரை அது! அடுத்த கிழமை போனபோது, "காப்பாத்திப்போடலாம் போலை கிடக்கு" என்றாள் தேனுகா. சிவதர்சினி ஆட்டிறைச்சி காய்ச்ச நாளே குறித்துவிட்டாள்.

மூன்றாம் முறை தேனுகா புதிய படத்தை நெடுநேரம் பார்த்தாள். வேர் நீளத்துக்கு வெடித்திருந்தது. சுற்றியிருந்த எலும்பைச் சீழ் தின்றிருந்தது.

"அம்மா, ஒரு ஆறு மாசம் முந்தியெண்டால்..."

ஞானேஸ்வரி கதிரையில் சாய்ந்து படுத்தாள்.

"எடுங்கோ."

விறைப்பூசி போட்டதால் நோகவில்லை. ஆனாலும் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்துகொண்டே இருந்தது.

பஞ்சைக் கடித்தபடி, தாடையைத் தொட்டுக் காட்டிக் குழறினாள்.

"மற்றதையும் சேத்து எடுக்கேலாதோ?"

"அதைத் தொடக்கூடாது, அம்மா."

"அப்ப இனி நொந்தால், எது நோகுதெண்டு நான் எப்பிடி அறியிறது?"

தேனுகா கையுறையைக் கழற்றினாள்.

"நீங்கள் அறிய வேண்டாம். நொந்த உடனை வாங்கோ. எதெண்டு நான் பாக்கிறன்."

பதினாறு வருசமாக 'பொறு' என்று மற்றவர்கள் சொல்வதை மட்டுமே கேட்டு வந்த மனிசி அவள். 'வாங்கோ' என்ற அந்த ஒரு வார்த்தை, பல் போன பிறகு வந்தது. தலையாட்டிவிட்டு மெல்ல எழுந்தாள்.

வெளியே வாங்குப் பலகையிலிருந்து எழும்பிய சிவதர்சினி, அவள் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள்.