எனக்கு வராமல் போன ஆட்டக்காரன்

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஆபீசில் இன்டர்நெட் வந்த ஒரே கம்ப்யூட்டர் என்னுடையது. சாயங்காலம் ஆர்டர் மெயில்கள் போய்ச் சேர்ந்த பிறகு நான் என்ன செய்தாலும் முதலாளி கண்டுகொள்ள மாட்டார். அந்த நேரத்தில் நானும், விற்பனைப் பிரிவில் இருந்த கிணத்துக்கடவுக்காரர் ஒருவரும் கால்பந்து லீக் ஆடினோம்.

ஆளுக்கொரு கற்பனை அணி. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று வாராவாரம் மெயிலில் எழுத வேண்டும். லீக்கை நடத்திய சென்னைக்காரர் அதை ஒரு புரோகிராமில் ஓட்டி முடிவை அனுப்புவார். மற்றவர்கள் எந்தெந்த ஊரிலோ இருந்தார்கள்; பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். கிணத்துக்கடவுக்காரருடைய அணி முதலிடத்தில் இருந்தது, என்னுடையது கடைசியில்.

ஒரு நாள் அவர் தன் அணியில் அதிகம் கோல் அடிப்பவனை எனக்குக் கொடுத்துவிட்டு, என்னிடம் ஆடாமலே கிடந்த ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்துக்கொள்வதாக எழுதிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சம்மதம் என்று எழுதினேன்.

மெயில்கள் வந்து கொட்டின. "இது டிரேடா, சீர்வரிசையா?" என்று ஆங்கில எழுத்திலேயே தமிழில் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு மெயிலும் ஒரே கம்பெனியிலிருந்து வருகின்றன, இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அதைப் படித்து இருவரும் சிரித்தோம். அவர் எனக்குத் தரும் ஆளுக்கு வயதாகிறது, முழங்காலில் அடி, என் பையன் வளரக்கூடியவன் என்றெல்லாம் நான் மல்லுக்கட்டினேன். கடைசியில் சென்னைக்காரர் அவரிடமே கேட்டார்: இதில் உங்களுக்கு என்ன லாபம்?

அந்த மெயிலை இருவரும் என் கம்ப்யூட்டரில் படித்தோம்.

"ஏனுங்க, அந்தப் பையன் நல்லா வருவான்னு எழுதுங்க. நம்பீருவாங்க" என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் லீக்கை உட்டுப்போடலாம்னு இருக்கறனுங்க. வேலையையுந்தான். ஊட்டுல பொண்ணு பாத்து முடிவு பண்ணிப்போட்டாங்க. இனித் தோப்பைப் பாருன்னு அப்பா சொல்லீட்டாருங்க."

நான் மெயிலை மூடினேன்.

"எங்கிட்ட இருந்து உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு நெனச்சேனுங்க."

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அவர்கள் கவுண்டர்கள். இரண்டு வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது என்பதால், எங்களுக்குள்ளும் நாங்கள் அதை எடுத்ததில்லை.

"பொண்ணு எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"காரமடைங்க."

இந்த டிரேடு செல்லுமா என்று லீக்கில் நடத்திய ஓட்டெடுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் எதிராகப் போட்டார்கள். டிரேடு ரத்தானது. லீக் எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சென்னைக்காரர் எனக்குத் தனியாக எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. "சரி" என்று பதில் போட்டேன். கிணத்துக்கடவுக்காரர் விட்டுப்போன அணியை யாரோ முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுத்தார்கள். நான் மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

அவர் கல்யாணத்துக்கு ஆபீசில் எல்லோரும் வேன் பிடித்துக் காரமடைக்குப் போனோம். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா அம்மணி, சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்று பந்தியில் உட்கார வைத்தார். சாப்பிட்டேன். பாயசம் இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன். மேடையேறிப் போட்டோ எடுத்துக்கொண்டபோது அவர் என்னைப் பார்த்து, "வந்தீங்களா" என்றார். "வந்தனுங்க" என்றேன். திரும்பும்போது வேனில் எல்லோரும் அந்தாக்ஷரி பாடினார்கள். நான் ஜன்னலோரம் நகர்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, தூங்குவதுபோல் அழுதேன்.