இரண்டாம் கியரில் ஒரு வளைகாப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்குறிச்சியில் வளைகாப்பு. என் மச்சினர், அதாவது மனைவியின் அண்ணன் ஆறுமுகம், அவருடைய மகள் கோமதிக்கு. அவளுடைய மாமியார் வீட்டில் வளையல் அடுக்கி, விருந்து சாப்பிட்டு, பிரசவத்துக்காக அவளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வர வேண்டும். இவ்வளவுதான் வேலை.

எதில் அழைத்து வருவது என்பதில்தான் வம்பு.

அம்பாசமுத்திரத்தில் டாக்சி பேசி வைப்பதாகச் சம்பந்தி சொன்னார். மச்சினருக்கு ரோஷம் வந்துவிட்டது. சொந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு மகளை வாடகைக் காரில் ஏற்றுவதா? "எம் பிள்ளைய என் வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்" என்று முடித்துவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்தது பெட்ரோல் காராக. பெட்ரோல் விற்கிற விலையில் ஊரில் பலரும் செய்வதையே இவரும் செய்தார் — பழைய இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு வேனிலிருந்து வந்த டீசல் இன்ஜினை உள்ளே இறக்கினார். அன்றிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இந்த மாதிரி இன்ஜினுக்குள் இரண்டு செயின்கள் ஓடுகின்றன. ஒன்று டைமிங் செயின். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று முறை வைப்பது அதுதான். இன்னொன்று ஆயில் பம்பைச் சுற்றுவது. இரண்டும் கேட்பது ஒன்றே ஒன்று — காலாகாலத்தில் புது ஆயில்.

மச்சினர் ஆயில் மாற்றவே மாட்டார். குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவார். ஏன் என்று கேட்டால் பேச்சு நேராக அடுப்பங்கரைக்குப் போய்விடும்.

"கல்யாண வீட்டுப் பழங்கறி இருக்குல்லா மாப்ளே... சுட வைக்கச் சுட வைக்கத்தானே ருசி கூடுது? ஆயிலும் அப்படித்தான் வே. கறுக்கக் கறுக்கத்தான் இன்ஜினுக்குப் பிடிக்கும்."

விருந்தில் மிஞ்சிய சாம்பார், அவியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, நாள்கணக்கில் சுண்ட வைத்து விரலைச் சப்புகிற எங்கள் சைவ வீடுகளில் பிறந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். வேறு ஊர்க்காரர்களுக்கு வருமா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் முன்பக்கத்தில் கலகலவென்று ஒரு சத்தம் கேட்கும், தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்குவதுபோல. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மேலப்பாளையத்து மெக்கானிக் காசிம் பாய், "செயின் தளந்துட்டு அண்ணாச்சி, கழத்திப் பாத்துருவோம்" என்றார். மச்சினர் என்ன செய்தார் தெரியுமா? டேப்ரிக்கார்டர் வாங்கி மாட்டினார். சத்தம் கேட்பது நின்றுவிட்டது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கியது. அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினார். மினுக்கலும் தெரியவில்லை. பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, வளைகாப்புக்கு வருவோம்.

சம்பந்தி வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. காரின் மூக்கு சுவரைப் பார்த்தபடி நின்றது. விருந்து முடிகிறவரை கார் டேப்ரிக்கார்டரில் நாதஸ்வரம். இன்ஜினை அணைத்துவிட்டுத்தான்... டீசல் வீணாகக் கூடாதல்லவா?

ஞாயிறன்று நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்பாகவே கோமதி வலது காலை வைத்துப் படியிறங்கினாள். எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. இப்படி இறங்கிய பெண், இனி கையில் பிள்ளையோடுதான் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூடத் திரும்பிப் போக முடியாது.

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். மச்சினர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். பேட்டரியை நாதஸ்வரம் குடித்துவிட்டிருந்தது.

கோமதியை இறக்கித் தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். என் மனைவி குடை பிடித்தாள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, முகமெல்லாம் வேர்வை. வீடு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, உள்ளே போகக் கூடாது. சம்பந்தி கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அது போதாதா?

"ஏலே, எல்லாரும் வாங்கலே... பின்னால தள்ளுங்க" என்று மச்சினர் சீட்டில் ஏறினார். சுவருக்கும் காருக்கும் நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்கள் நுழைந்தோம். தள்ளினோம். கார் பின்னால் நகர்ந்து வேகம் பிடித்தது.

தள்ளி ஸ்டார்ட் செய்ய இரண்டாம் கியர். இது டிரைவர் ஜாதிக்கே தெரிந்த பாடம். மச்சினரின் கையும் பழக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டது. ஆனால் அந்தப் பாடம் கார் முன்னால் போகும்போது அல்லவா? பின்னால் போகிற காரை முன் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றும். 'மடக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி.

கோமதி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் நம்ம வீட்டுக்குப் போணும்" என்று மட்டும் சொன்னாள். அம்பாசமுத்திரத்திலிருந்து டாக்சி வருவதற்குள் ராகு காலம் பிறந்துவிடும். மதினி, அவள் அம்மா, ஒரு முடிவுக்கு வந்தாள். "எந்தி. பஸ்சுக்குப் போவோம்."

பெண்கள் எல்லாரும் அவளை நடுவில் விட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அம்பாசமுத்திரம் வழி திருநெல்வேலி பஸ் வந்தது. வளையலைப் பார்த்ததுமே முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "பைய ஏறு தாயி, பைய" என்றார் கண்டக்டர். மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. பஸ் கிளம்பியபோது நாலரை ஆகியிருக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது மச்சினர் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம் பிள்ளைய நான் கூட்டிட்டு வரலையே மாப்ளே" என்றார். கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். காசிம் பாய் மெக்கானிக்காக வந்திராவிட்டால் மேடைப் பேச்சாளராக வந்திருப்பார். இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு, டீக்கடையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"தளந்த செயின் அண்ணாச்சி... தலைகீழாச் சுத்தவும் சக்கரத்துப் பல்லைத் தாண்டிட்டு. வால்வு போயி பிஸ்டன்ல முட்டி வளைஞ்சு கெடக்கு. இது சின்ன விசயம். இந்தா, ஆயில் பம்பு செயினப் பாருங்க. தொட்டா தொங்குது. இது வீரவநல்லூர் தாண்டி அறுந்திருந்தா? ஆயில் ஏறாது, இன்ஜின் இறுகிரும். புள்ளத்தாச்சிப் பொண்ண வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னிருப்பீக."

மச்சினர் அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே, டீசல் கார் வைத்திருக்கும் புண்ணியவான்களே... ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். காலைச் சத்தத்தைப் பாட்டுப் போட்டு மறைக்காதீர்கள். ஆயில் விளக்கு மினுக்கினால் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளையாரைப் பூஜை அறையில் வையுங்கள். முக்கியமாக, காரைப் பின்னால் தள்ளும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

இப்போது அந்தக் காரில் புது செயின்கள், புது வால்வுகள், தேன் நிறத்தில் ஆயில். மச்சினர் ஆளே மாறிவிட்டார். நேற்று காலை போயிருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, பானட்டில் காதை வைத்து, கண்ணை மூடி நிற்கிறார். தினமும் இதே கதை என்றாள் மதினி. தூக்கம் கெட்டு வெளியே வந்தாள் கோமதி. நிறைமாதம்.

"டாக்டரம்மா என் வயித்துல கொழாய வச்சுக் கேட்டதைவிட நீங்க இதுல காது வச்சதுதாம்ப்பா கூட."

"அதுக்கில்லம்மா... வலி வந்தா உன்னை நான்தான கூட்டிட்டுப் போணும்? அதான் கேட்டுக்கிடுதேன்."

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அவர் ஆயில் அளவு பார்க்கக் குனிந்ததும் மெல்ல என் பக்கம் வந்தாள்.

"மாமா... எதுக்கும் அடுத்த தெரு ஆட்டோக்கார அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருங்க."