மைக் அக்காவுக்கு வார்த்தை மறந்த வருடம்

ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. தினமும் ஆயிரக்கணக்கான பேர் கேட்கும் குரல் அது. முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, மைக், கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வரும் தொலைபேசி. மைக்கில் இரைச்சல் விழும் என்பதால் அங்கே மின்விசிறி கிடையாது.

ஐம்பதாவது வயதில் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் நின்றது. விட்டது தொல்லை என்று நினைத்தாள். பிறகுதான் வேறு தொல்லை ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் திடீரென்று ஒரு சூடு கிளம்பி, கழுத்து, முகம், காது மடல்வரை கொதிக்கும். முதுகு தொப்பலாக நனையும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கியதும் உடம்பு வெடவெடக்கும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை. தூக்கத்திலும் விடாது. ஒருமுறை விழித்தால் விடியும்வரை கண் மூடாது.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கணவர் நல்ல மனிதர், பேச்சுதான் குறைவு. அவள் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்ததும், குளிர்கிறது என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். போனில் தன் கூடப்பிறந்த அக்காவிடம் சொன்னாள்.

“எல்லாருக்கும் வர்றதுதானடி. நான் என்ன ஊரைக் கூட்டியா சொன்னேன்?” என்றாள் அக்கா. அதற்குப் பிறகு மைக் அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகக் கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம். கட்டுப்பாட்டு அறை ஐந்தாம் நடைமேடை என்றது. மைக்கைத் திறக்கும்போதே சூடு ஏறியது. கண்ணில் வியர்வை வழிய, மூன்றாம் நடைமேடை என்று சொல்லிவிட்டாள். முந்நூறு பேர் மேம்பாலப் படியில் ஓடினார்கள். வண்டி ஐந்தில் வந்து நிற்கவும் அத்தனை பேரும் திரும்பி ஓடினார்கள். படியில் விழுந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. திருத்திச் சொல்லத் திரும்ப மைக்கைத் திறந்தவளுக்கு ‘மன்னிக்கவும்’ என்ற வார்த்தை வரவில்லை. எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை! ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

மருத்துவச் சான்றிதழ் வரும்வரை அவளைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார் நிலைய அதிகாரி. ஏழு குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல் செட். யாரும் தேடி வராத அந்த அறையில், சில நாள் வாயைத் திறக்காமலே வேலை நேரம் முடிந்துவிடும்.

மருத்துவமனைக்குத் துணையாக வரச் சொன்னபோது, லேடி டாக்டரிடம் தனக்கென்ன வேலை என்றார் கணவர். தனியாகப் போனாள். டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா, கர்ப்பப்பை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், மேமோகிராம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்ததால் ஹார்மோன் சிகிச்சை தொடங்கலாம் என்றார். தினமும் காலையில் கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல். அதை மட்டும் போட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துவிடும் என்பதால் படுக்கும் முன் புரோஜெஸ்டிரோன் மாத்திரை. ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றும் மறைக்காமல் சொன்னார்.

“ஜெல் காயிற வரைக்கும் யார் மேலயும் படாமப் பாத்துக்குங்க. தொட்டா அவங்க உடம்புலயும் ஏறிடும்.”

“தொடுறதுக்கு யாரும் இல்ல டாக்டர்.”

வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரலில்தான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“தூக்கம் வந்தா பாதி பாரம் குறையும்மா,” என்றார் கடைசியில். “மீதிப் பாதிக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

முதல் இரண்டு வாரம் பலன் ஒன்றும் தெரியவில்லை. மார்பு கனத்து வலித்தது. ஒருநாள் லேசாக ரத்தம் பட்டதும் பயந்து ஓடினாள். ஆரம்பத்தில் சிலருக்கு இப்படி ஆகும், நீடித்தால் சோதிக்க வேண்டும், சொன்னது நல்லது என்றார் டாக்டர். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறாள். கடிகாரத்தை நம்பாமல் போனையும் எடுத்துப் பார்த்தாள்.

அன்று கூடத்துக்குப் போய்ச் சொன்னாள்: “இப்பல்லாம் ஃபேன் மெதுவாத்தான் ஓடுது. வேணும்னா உள்ள வந்து படுங்க.”

கணவர் தலையணையைத் தட்டிப் போட்டார். “இங்கயே பழகிடுச்சு,” என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

மூன்றாவது மாதம் சான்றிதழுடன் கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். சூடு முழுதாக நின்றுவிடவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வார்த்தைகள் வரிசையாக வந்தன. அவள் இல்லாத நாட்களில் பதிவு செய்த குரலை ஓடவிட்டிருக்கிறார்கள். பயணிகள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

அடுத்த விடுமுறை நாளில், தான் தினமும் அறிவிக்கும் கடற்கரை வண்டியில் முதல்முறையாக ஏறினாள். கணவரிடம் சொன்னபோது, சாவியை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னார். கடைசி நிலையத்தில் இறங்கி, மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. காற்று நன்றாக இருந்தது. சாயங்கால வண்டியில் திரும்பினாள். அடுத்த மாதமும் போனாள்.