முப்பத்து நான்கு டிகிரி வரை சவாரி

பாறசாலை ஆட்டோ ஸ்டாண்டின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. அது நாற்பதைத் தாண்டினால் சவாரி போவதில்லை என்பது ஓட்டுநர்கள் கூடி எடுத்த தீர்மானம். இப்போது அது நாற்பத்திரண்டு காட்டுகிறது. செங்கல் என்ற பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வந்திருக்கிறேன். இன்னும் அரைமணியில் கடைசிப் பந்தியும் முடிந்துவிடும்.

முதல் ஆட்டோக்காரரிடம் என் செல்போனை நீட்டுகிறேன்.

"முப்பத்திரண்டுதான் அண்ணே. ஏர்போர்ட்டில் அளந்தது."

அவர் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

"ஏர்போர்ட்டு கடல் பக்கத்துலயாக்கும் சாறே. அங்க காத்து உண்டு. எனக்க தலைக்கு மேல தகரமாக்கும் உண்டு."

"அப்படியானால் உங்கள் வெப்பமானி தகரத்தின் சூட்டைச் சொல்கிறது. நிழலில், காற்றோட்டமாக வைத்து அளக்க வேண்டும்."

பாயசம் தீர்ந்துவிடுமோ என்ற பயம் என்னை விஞ்ஞானி ஆக்கிவிட்டது.

"செரி, நீங்களே வச்சுப் பாருங்க."

வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு சாலையைக் கடக்கிறேன். எதிரே நிற்கும் அயனி மரத்தின் தாழ்ந்த கிளையில் அதைக் கட்டிவிடுகிறேன். மற்ற ஓட்டுநர்களும் வந்து சுற்றி நிற்கிறார்கள். பத்து நிமிடத்தில் அது முப்பத்து நான்குக்கு இறங்குகிறது.

ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி உட்காருகிறேன். அவர் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புகிறார். சாலையைக் கடந்து, மரத்தடியில் நிறுத்துகிறார்.

"எறங்குங்க சாறே. முப்பத்தி நாலு இது வரைக்கும்தான் உண்டு."