கதவின் வெளிப்பக்கம்

தெருவில் எல்லோரும் அவனை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். இதைவிடப் பொருத்தமில்லாத பட்டப்பெயரை ஒரு மனிதனுக்கு வைக்க முடியாது. கார்களுக்கு நல்ல ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பது தொழில் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் என்னவோ வாய் செத்தவன். பஸ்ஸில் யாராவது இவன் காலை மிதித்தால் இவன்தான் மன்னிப்புக் கேட்பான். ஓட்டலில் வேறு யாருக்கோ சொன்னதை இவன் முன்னால் வைத்துவிட்டுப் போனால், அதையே சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்துவிடுவான்.

ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அது வேறு ரகம். ஆசை ஆசையாகப் புதுக் கார் வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, பாட்டைப் போட்டுக் கேட்டால், டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ தும்முகிற மாதிரி இருக்கும். கம்பெனிக்காரன் கதவுக்குள் வைத்து அனுப்புகிற ஸ்பீக்கரின் லட்சணம் அப்படி. வண்டிக்கு அவ்வளவு விலை சொல்கிறவன் அந்த அட்டைத் துண்டில்தான் மிச்சம் பிடிப்பான். அதைக் கழற்றிவிட்டு நல்லதாக வைக்க வேண்டும் என்றால் சவுண்டிடம்தான் வருவார்கள். கதவின் உட்பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் மற்ற கடைகளில் பாதி உடையும். இவன் விரலை விட்டு நெம்பினால், கனிந்த பழம் காம்பை விட்டு வருவதுபோல ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

வேலை முடிந்ததும் வண்டிக்காரரை உள்ளே உட்கார வைத்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுப் பாட்டைப் போடச் சொல்வான். இவன் வெளியே நின்று, கதவின் தகட்டில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவான். எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது, எந்த வயர் தகட்டில் தட்டுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். கடைசியில் சாவியைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரு எச்சரிக்கை சொல்வான். அவன் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசுவது அப்போது மட்டும்தான்.

"சார், போன் வந்தா இந்த செட்லயே பேசலாம். ஆனா சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கோங்க. இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் போட்ட கதவு ரெண்டு பக்கமும் பேசும். நீங்க பேசறது வெளிய கேக்காது, அந்தப் பக்கம் பேசறவங்க சொல்றது மட்டும் ரோட்டுல போறவனுக்கெல்லாம் கேக்கும்."

சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், வாசலைத் தாண்டியதும் மறந்துபோவார்கள். ஒரு காலேஜ் வாத்தியார் இப்படித்தான் மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மனைவியோடு போன் பேசினார். மகள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமனார் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டார். வாத்தியார் மறுநாளே வந்து பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டித் தரும்படி கெஞ்சினார்.

சவுண்டின் கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் மருந்துக்கடை. அவன் மனைவியும் கூடவே வேலை செய்வாள். கதவுக்குள் ஒட்டுகிற தடித்த ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டுவது, வூஃபர் பெட்டிகளுக்குத் துணி ஒட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. கொட்டகையில் கழிப்பறை கிடையாது. ஆம்பளைக்கு ஊரெல்லாம் சுவர். அவள் என்ன செய்வாள்? மருந்துக்கடையம்மாவிடம் போய்ச் சாவி கேட்டு நிற்க வேண்டும். அந்தம்மா ஒவ்வொரு தடவையும் ஏதோ தன் நகையைக் கேட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே இவள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டாள். போன வருஷம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துக்கொண்டபோது டாக்டர் கேட்டார், ஏம்மா, தண்ணிகூடவா குடிக்க மாட்டே என்று. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில் கொட்டகை வரிசையையே இடிக்கப்போவதாகவும் மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் இடத்துக்காரர் சொல்லிவிட்டார். டயர்கடைக்காரன் போட்ட கூச்சலில் அவனுக்கு மட்டும் இன்னும் ஒரு மாசம் தவணை கிடைத்தது. சவுண்டு சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவன் கவலைப்படாததற்குக் காரணம் இருந்தது. தம்பி புதுக் கட்டடம் கட்டியிருந்தான். மேலே வீடு, கீழே மூன்று கடைகள். ஷட்டர் பொருத்திய அன்று எல்லோர் முன்னாலும் தம்பி வாய்விட்டுச் சொன்னான், "நடுக்கடை எங்க அண்ணனுக்குத்தான், வேற பேச்சே இல்லை." அம்மாவும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா இருப்பது தம்பியோடுதான். அண்ணன் தம்பியை எப்படிப் படிக்கவைத்தான் என்ற கதையை நான் இங்கே ஆரம்பிக்கப்போவதில்லை. எல்லா வீட்டிலும் அப்படி ஒருத்தன் இருக்கிறான், எல்லா வீட்டிலும் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மனைவி அந்த நடுக்கடையைப் போய்ப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு சின்ன அறை. வெள்ளை ஓடு பதித்து, குழாய் வைத்து, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க, இது போதும்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி புதுக் காரைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தினான். "அண்ணா, கம்பெனி செட்டைக் கேட்டா தலைவலி வருது. உன் கைவரிசையைக் காட்டு."

காட்டினான். வேறு எந்த வண்டிக்கும் அப்படி உழைத்ததில்லை. என்றைக்காவது நமக்கும் ஒரு கார் வரும் என்று வாங்கி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரை எடுத்து முன்கதவுகளில் வைத்தான். மனைவி ஷீட்டை வெட்டிக் கொடுத்தாள். பின் சீட்டில் உட்காரப்போவது அம்மா. அம்மாவுக்கு டொம்டொம் என்று அடித்தால் ஆகாது, பாட்டில் வார்த்தை புரிய வேண்டும். அதனால் மனுஷக் குரல் துல்லியமாகக் கேட்கிற மாதிரி செட்டை அமைத்தான். ஒரு பழைய பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, பாடுகிறவர் வாயைத் திறக்கிற சின்னச் சத்தம்கூடக் கேட்கிறவரை விடவில்லை.

தம்பி வண்டி எடுக்க வந்த நேரத்தில் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். வழக்கம்போலத் தம்பியை உள்ளே உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றச் சொல்லி, இவன் கதவில் கையை வைத்தான். பாட்டு ஓடியது. ஒரு தட்டல் கிடையாது, ஒரு நடுக்கம் கிடையாது. அவனுக்கே பெருமையாக இருந்தது. பாட்டு சட்டென்று நின்று, போன் மணி அடித்தது. தம்பி குனிந்து பொத்தானை அமுக்கினான்.

"சின்னவனே, தனியாத்தானே இருக்கே?"

அம்மா. தகட்டுக்கு இந்தப் பக்கம் காதோடு காதாகப் பேசுகிற மாதிரி கேட்டது. தம்பி என்ன பதில் சொன்னான் என்று தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்துட்டுப் போனாருடா. நடுக்கடைதான் வேணுமாம். நான் சரின்னு சொல்லிட்டேன்."

உதடு அசைந்தது.

"அண்ணன்கிட்ட இப்ப ஒண்ணும் வாயைத் திறக்காதே. வேலை முடியட்டும், வண்டியை எடுத்துட்டு வந்துடு. அப்புறமா நானே சொல்லிக்கறேன்."

சவுண்டு நகர்ந்து போயிருக்கலாம். கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. கை தகட்டிலேயே இருந்தது, அம்மாவின் குரல் உள்ளங்கையில் அதிர்ந்தது.

"அவன் எங்கடா கோவிச்சுக்கப் போறான்? கோவம்னு ஒண்ணு அவனுக்கு இருந்தா இத்தனை வருஷத்துல நான் பார்த்திருக்க மாட்டேனா? குடுத்தா வாங்கிப்பான், குடுக்கலைன்னா கேக்க மாட்டான். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

இந்தத் தடவை தம்பி கொஞ்ச நேரம் பேசினான். மறுத்தானோ, ஆமாம் போட்டானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் பிரயோசனமில்லை, நடுவில் அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது.

"உன் பொண்டாட்டிக்குப் புடிக்கலைடா. கையெல்லாம் கறையோட அவன் வாசல்ல நின்னா, உன் மாமனார் வீட்டு ஆளுங்க வரும்போது யாருன்னு சொல்றதாம்? அவ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா அப்புறம் நான் உன் வீட்டுல எப்படி இருக்கறது? எனக்கும் போக்கிடம் வேணும்ல?"

தம்பி தலையை ஆட்டினான். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கியபோது தம்பியின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. "அசத்திட்டே அண்ணா! பாடறவன் மடியில வந்து உக்காந்துக்கற மாதிரி இருக்கு. வெளிய எங்கயாவது தட்டுதா?"

"இல்ல. எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு."

"கடை விஷயமா அம்மா உன்கிட்ட பேசுவாங்க."

"சரி."

பழைய ஸ்பீக்கர்களைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தான். சாவியைக் கொடுத்தான். எல்லோரிடமும் சொல்கிற அந்த எச்சரிக்கையைத் தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். உனக்கும் ஒருநாள் கேட்கட்டும், உன்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று ஊருக்கும் கேட்கட்டும் என்று வயிறு எரிந்தது. அவன் வாழ்க்கையில் ஒருத்தருக்குக் கெடுதல் நினைத்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"பெரியவனே, சாப்பிட்டியாடா?"

"ஆச்சும்மா."

"ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது. அந்தக் கடையைச் சொந்தக்காரங்களுக்கு விடக்கூடாதுன்னு பேங்க்ல ஏதோ ரூல் சொல்றாங்களாம். தம்பி பாவம், துடிச்சுப்போயிட்டான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரே அழுகை."

கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு நின்றான். கேட்டேம்மா, எல்லாத்தையும் கேட்டேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

"அப்படியாம்மா."

"உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா என் பிள்ளையை! நீ தங்கம்டா" என்றாள். அவள் குரலில் நிஜமான பாசம் இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. வைதிருந்தால், சாபம் விட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். இவ்வளவு பாசத்தையும் வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய ஒரு தாயால் முடிகிறதே என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கை துடைக்கிற துணி கையில். "அத்தையா? சாவி எப்பத் தர்றாங்களாம்?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவள் நேரே போய் தம்பி வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்பாள், கேட்க வேண்டியதுதான். அப்புறம் அம்மாவின் முகத்தில் அவள் ஜென்மத்துக்கும் விழிக்க மாட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் வாயால், பெற்றவளே என்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்று கட்டியவளிடம் சொல்ல வேண்டுமே, அதுதான் முடியவில்லை.

"நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் பத்தாது. தம்பிக்கும் எதுக்குத் தொந்தரவு. வேற இடம் பார்த்துக்கலாம்."

அவள் துணியை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

"கேக்கத் தெரியாத மனுஷன்னுதான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. "குடுத்ததையும் வேணாங்கறவருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. என்னை ஒரு தரம் நினைச்சுப் பார்த்தீங்களா?"

அவள் ரப்பர் ஷீட்டுகளைச் சுருட்டிக் கட்ட ஆரம்பித்தாள். அத்தை ஏதாவது சொன்னாங்களா என்று அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எல்லாவற்றையும் கொட்டி அவள் மடியில் விழுந்து அழுதிருப்பான். அவள் கேட்கிற மாதிரி தெரியவில்லை. அவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டிருந்தாள்.